கடனும் சேமிப்பும்: எது முதலில்?

கேள்வி: நகைக்கடன், கிரெடிட் கார்டு பாக்கி இரண்டும் இருக்கின்றன. மகளின் கல்லூரிச் செலவுக்கும் சேர்க்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஊர் நகரத்தார் ஐந்தொகை போட்டு வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் பார்த்தவர்கள். நீங்களும் இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒவ்வொரு கடனுக்கும் வட்டியோடு. கார்டுக்கு மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36க்கு மேல். வங்கி டெபாசிட் அதில் கால்பங்குகூடத் தராது. ஆகவே கார்டு பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு மாத வீட்டுச்செலவு கையிருப்பில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே மறுபடி கார்டைத் தேய்ப்பீர்கள். நகைக்கு வட்டியையாவது தவறாமல் கட்டுங்கள், ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். மகளுக்காகத் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயில்கூட ஆர்.டி. தொடங்கலாம். கார்டு தீர்ந்ததும் அதற்குக் கட்டிவந்த பணத்தை நகைக்குத் திருப்புங்கள். நகை வீடு வந்ததும் மகளுக்கு இன்னொரு பெரிய ஆர்.டி. போடுங்கள்.