எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கிரிஸ்டல்

2009 ஜூலையில் தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி மடிவாளாவில் இறங்கினேன். பையில் இ.சி.இ. டிகிரியும் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த ஆஃபர் லெட்டரும் இருந்தன. ஆனால் அந்த கம்பெனி சேரும் தேதியை மாதாமாதம் தள்ளிக்கொண்டே போனது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் திவாலானதற்கு உன் வேலை ஏன் நிற்கணும் என்று அப்பா கேட்டார். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு அங்கே செலவைச் சுருக்கினார்கள்; அங்கிருந்து வரும் ப்ராஜெக்டை நம்பியிருந்த இங்குள்ள கம்பெனிகள் முதலில் நிறுத்தியது ஃபிரெஷர்களைத்தான். அப்பாவுக்கு அதைப் புரியவைக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில் மூன்று பேர் ஒரே அறை. சனிக்கிழமை ஆனால் வாக்-இன். ஒருமுறை மாரத்தஹள்ளிப் பக்கம் காலை ஆறரைக்கே போய் நின்றேன். அதற்குள் வரிசை காம்பவுண்டைச் சுற்றி வளைந்திருந்தது. பத்து மணிக்கு செக்யூரிட்டி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து எல்லாருடைய ரெஸ்யூமேயையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெட்டியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அப்படி நான்கு சனிக்கிழமைகள் போயின.

ஐந்தாவதாக எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் உள்ளே உட்காரவைத்துப் பேசினார்கள். பேசியவர் என் ரெஸ்யூமேயில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைத் தொட்டார். 8051 மைக்ரோகன்ட்ரோலர், ஜி.எஸ்.எம். மோடம், நடுவில் மேக்ஸ்232 சிப். "இந்த சிப்பைக் கழட்டிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த ப்ராஜெக்டை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சேலத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். அவர் கோபப்படவில்லை; இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக ரெஸ்யூமேயை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, பதில் தெரியாத மூன்று கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்ததும் அதைச் செய்தேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். ஏழெட்டு இன்டர்வியூவுக்குப் பிறகு நோட்டைப் புரட்டினால் அதே கேள்விகள்தான் வேறு வேறு வாயிலிருந்து வந்திருந்தன.

எலக்ட்ரானிக் சிட்டி இன்டர்வியூ நடந்த வாரமே கே.ஆர். மார்க்கெட் பஸ் பிடித்து எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவானாலும் அந்தச் சந்துகளில் கிடைக்கும். கடையில் இருந்தவர் திருப்பத்தூர்க்காரர். "காலேஜ் ப்ராஜெக்டா தம்பி?" என்றார். "காலேஜ் முடிஞ்சிருச்சுண்ணா. திரும்பச் செஞ்சு பாக்கறேன்" என்றேன். ஒரு பிரெட்போர்டு, சிப்கள், கெப்பாசிட்டர்கள், புரோக்ராமர் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கிரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டபோது பன்னிரண்டு என்று நானாகச் சொன்னேன்.

அறையில் நண்பனின் பழைய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இருந்தது. 'ஹலோ' என்று அனுப்பினால் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக வந்தது. வயரை மாற்றினேன், சிப்பை மாற்றினேன். இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். 8051 கிரிஸ்டலிலிருந்து தனக்கு வரும் துடிப்பைப் பன்னிரண்டால் வகுக்கும், பிறகு முப்பத்திரண்டால். 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 31,250 மிஞ்சும். அதிலிருந்து, சீரியல் போர்ட்டுக்கு நான் வைத்திருந்த 9600 என்ற வேகம் சரியாக வராது, மூன்றால் வகுத்தால் 10,416-தான். 11.0592 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 28,800. மூன்றால் வகுத்தால் அச்சாக 9600. பாடப்புத்தகத்தில் அந்த விநோதமான எண்ணைப் பார்த்திருக்கிறேன். காரணத்தைக் கேட்டதே இல்லை. மறுபடி எஸ்.பி. ரோடு போய் அந்தக் கிரிஸ்டலை வாங்கி மாட்டினேன். 'ஹலோ' ஹலோவாகவே வந்தது.

இதே நாட்களில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டி, இரண்டு வருட அனுபவம் இருப்பதாகப் பேப்பர் வாங்கி ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஆறாவது மாதம் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் பிடிபட்டு, அன்று மாலையே பெட்டியைக் கட்டினார். நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. இப்போது அந்த வழி இன்னும் ஆபத்து: 2014-லிருந்து பி.எஃப்.க்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்துவிட்டது, எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வேலை தருகிறேன், டெபாசிட் கட்டு என்று கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனி பெயரை கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது.

எனக்கு வழி திறந்தது ஒரு காலேஜ் சீனியரால். அதுவரை சீனியர்களுக்கெல்லாம் 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவரும் பதில் போடவில்லை. அவர்களால் அதற்கு என்ன செய்ய முடியும்? இந்த முறை, உங்கள் கம்பெனியில் எம்பெடட் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், நான் இந்த 8051 ப்ராஜெக்டைச் செய்து வைத்திருக்கிறேன், ரெஸ்யூமேயை அவர்களிடம் சேர்க்க முடியுமா என்று நான்கு வரி எழுதினேன். அடுத்த நாளே ஃபோன் செய்தார்.

நவம்பரில் இன்டர்வியூ. "ஏன் 11.0592?" என்றார் எதிரில் இருந்தவர். "முதல்ல பன்னிரண்டுதான் போட்டேன் சார். குப்பையா வந்துச்சு" என்றேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். மேக்ஸ்232 பற்றியும் கேட்டார். அதைக் கழட்டினால் ஐந்து வோல்ட்டில் பேசுகிற சிப்பும் பிளஸ், மைனஸ் வோல்ட்டில் பேசுகிற போர்ட்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது என்று சொன்னேன்.

ஆஃபர் வந்ததும் அதில் சி.டி.சி. என்று போட்டிருந்த வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கைக்கு வந்தது அதைவிடக் கணிசமாகக் குறைவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இன்-ஹேண்ட் எவ்வளவு, பாண்ட் உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது கேள்வி கேட்கிற இடத்தில் நான் உட்கார்கிறேன். ஆறு ப்ராஜெக்ட் எழுதியவரைவிட, ஒன்றில் எங்கே தவறியது என்று சொல்பவரிடம்தான் நேரம் போவதே தெரியாமல் பேசுகிறேன். அப்படி ஒன்றைச் செய்து பார்க்க எலக்ட்ரானிக்ஸ்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை; காமர்ஸ் படித்தவர் தெரிந்த மளிகைக்கடையின் ஒரு மாத ஜி.எஸ்.டி. கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். பி.இ., டிப்ளமோ முடித்துச் சும்மா இருப்பவர்கள் அப்ரண்டிஸ்ஷிப்பை விட்டுவிடாதீர்கள், பெங்களூரில் பி.இ.எல்., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் எடுக்கின்றன. உதவித்தொகையோடு ஒரு வருடம் நிஜமான பட்டறையில் கை படும்.

எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு இன்றும் எஸ்.பி. ரோடுதான். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து 2025-இல் வந்த மஞ்சள் மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். சனிக்கிழமை போங்கள், ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.