ஜப்பான் கத்தரி: முத்திரை சொல்லாத சங்கதிகள்

முடிதிருத்தும் தொழிலில் ஜப்பான் கத்தரிக்கு இருக்கும் மவுசு சும்மா வந்ததல்ல. ஆனால் அந்த மவுசை ஒட்டிக் கிளம்பியிருக்கும் கதைகளில் பாதி, விற்பவர்கள் கட்டிவிட்டவை. மீதி, காசைக் கொட்டி வாங்கியவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிக்கொண்டவை. கடையின் மாத வாடகையை ஒரே மூச்சில் விழுங்கக்கூடிய சாமான் என்பதால் வாங்குமுன் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது.

“சாமுராய் வாள் செஞ்ச அதே எஃகு”

இல்லை. வாளுக்கான எஃகுக்குத் தமாஹகானே என்று பெயர். இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் கொட்டி, மூன்று நாள் இரவு பகலாக ஊதி எடுப்பது. ஷிமானே மாகாணத்தின் ஒகுயிசுமோவில் 1977-ல் மீட்டெடுக்கப்பட்ட உலை இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது; அங்கே கிடைக்கும் எஃகு வாள் கொல்லர்களுக்குத்தான் பங்கிடப்படுகிறது. அதில் குரோமியம் கிடையாது. காலையிலிருந்து ராத்திரி வரை ஈரத்தலையில் புழங்கும் கத்தரியை அதில் அடித்தால் சீக்கிரமே துருவேறும். சலூன் கத்தரிகளில் பெரும்பாலானவை 14 முதல் 18 சதவீதம் வரை குரோமியம் சேர்ந்த நவீன ஆலை எஃகு.

என்றாலும் வாளுக்கும் கத்தரிக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. விளம்பரக் கதையைவிட அது சுவையானது. 1871-ல் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டது: குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், இடுப்பில் வாள் இல்லாமலும் நடமாடலாம். இரண்டும் ஒரே ஆணையில். ஐந்து ஆண்டு கழித்து, 1876-ல், ராணுவத்தார், காவல்துறையினர் போன்றோரைத் தவிர மற்றவர்கள் வாள் அணிவதற்கே தடை வந்தது. கொல்லுப்பட்டறையில் வாள் வேலை ஓய்ந்த அதே காலத்தில் தெருவில் கிராப்பு வெட்டும் கடைகள் பெருகின. கிஃபு மாகாணத்தின் சேக்கி போன்ற வாள் ஊர்கள் கத்தி, கத்தரி, சவரக்கத்தி என்று திரும்பின. வாளிலிருந்து கத்தரிக்கு வந்து சேர்ந்தது கொல்லர்களின் கைப்பழக்கம்தான்.

“ஜாப்பனீஸ் ஸ்டீல்னு முத்திரை இருக்கே”

எஃகு எங்கே உருகியது என்பது ஒரு கேள்வி, கத்தரி எங்கே உருவானது என்பது வேறு கேள்வி. ஜப்பானிலிருந்து எஃகை வாங்கி, பாகிஸ்தானின் சியால்கோட்டிலோ சீனாவிலோ கத்தரி செய்து, பெட்டியில் ‘ஜாப்பனீஸ் ஸ்டீல்’ என்று அச்சடிக்கலாம். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. அதிலும் அடிக்கடி காதில் விழும் 440சி என்பது அமெரிக்கத் தரப்பெயர். கார்பன் 0.95 முதல் 1.20 சதவீதம், குரோமியம் 16 முதல் 18 சதவீதம் என்ற கணக்கில் எந்த நாட்டு ஆலையும் அதை உருக்கலாம். விஜி-10 அப்படியல்ல, அது ஃபுகுயி மாகாணத்தின் எச்சிசென் நகரில் இருக்கும் தகேஃபு ஆலையின் சொந்தச் சரக்கு. ஏடிஎஸ்-314, முன்பு ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்றிருந்து 2023-ல் ப்ரொட்டீரியல் என்று பெயர் மாறிய நிறுவனத்தினுடையது.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும். எஃகு பாதி வேலைதான். அதை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து, சில பட்டறைகளில் உறைநிலைக்கும் வெகு கீழே இறக்கி, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். நம் கொல்லர்கள் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இதே வித்தைதான். தோய்ச்சல் கூடினால் வாய் பல் பல்லாகத் தெறிக்கும், குறைந்தால் இரண்டு நாளில் மழுங்கும். ஏனோதானோவென்று தோய்த்த விஜி-10-ஐவிடப் பக்குவமாகத் தோய்த்த 440சி நன்றாகவே வெட்டும். முத்திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஜோவெல் கத்தரிகளைச் செய்யும் டோகோஷா 1917-ல் தொடங்கியது, மிசுதானி 1921-ல். இப்படி நூறாண்டாக ஒரே வேலையைச் செய்துவரும் பட்டறையின் பெயரை நம்பலாம் என்பேன். எஃகின் பெயரைத் தனியாக நம்ப மாட்டேன்.

“கோபால்ட் கலந்தது, அதனால உசத்தி”

எவ்வளவு கலந்தது என்று கேளுங்கள். விஜி-10-ல் கோபால்ட் ஒன்றரை சதவீதம் போல இருக்கும். அது எஃகுதான். இன்னொரு வகையில் கோபால்ட்டே பிரதானம், இரும்பு பேருக்கு மட்டும். கடையில் இரண்டுக்கும் ‘கோபால்ட்’ என்றே பெயர். விலையில்தான் வானத்துக்கும் பூமிக்குமான தூரம். ஒரு சின்னக் காந்தத்தை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எஃகு கப்பென்று பிடிக்கும், கோபால்ட் கலவை பிடிக்காது, பிடித்தாலும் பட்டும் படாமல்தான். இந்த இரண்டாம் வகை, கடினத்தை அளக்கும் கருவியில் நல்ல எஃகைவிடக் குறைவான எண்ணையே காட்டும். ஆனாலும் தேய மறுக்கும், துரு அண்டாது. அதற்குள் பரவிக் கிடக்கும் கடினமான துகள்கள் செய்யும் வேலை அது.

“ஹார்ட்னெஸ் 62-ஆ? அப்ப 58-ஐ விட நல்லதுதான்”

மேலே சொன்னதே பாதி பதில். ராக்வெல் எண் என்பது ஒரு முனையை அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பது. ஜப்பான் கத்தரி எஃகு பெரும்பாலும் 58-க்கும் 62-க்கும் இடையில் இருக்கும். எண் கூடினால் கூர் கூடுதல் நாள் நிற்கும், கூடவே நொறுங்கும் குணமும் ஏறும். டைல்ஸ் தரையில் ஒருமுறை நுனி குத்தி விழுந்தால் வித்தியாசம் தெரியும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றை அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் சோதித்தது சவர பிளேடு. முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? மெல்லத் தேய்வதால் மட்டும் என்று நினைத்திருந்தோம். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறித்திருந்தது. முடி சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்தச் சில்லு கிளம்புகிறது. கத்தரிக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பொடியாக்கி இறுக்கிச் செய்த பவுடர் எஃகுக்கு ஏன் அத்தனை விலை என்பது இப்போது விளங்கும். அதில் துகள்கள் பொடிசாக, சீராகப் பரவியிருக்கின்றன. ஒற்றை எண்ணால் அந்தச் சீரைச் சொல்ல முடியாது.

“டமாஸ்கஸ் கோடு போட்டது ஸ்பெஷல்”

கண்ணுக்கு ஸ்பெஷல். இன்றைய டமாஸ்கஸ் என்பது பல அடுக்கு எஃகை ஒட்டி அடித்து, அமிலத்தில் நனைத்து வரியை எடுப்பது. முடியை வெட்டுவது அந்த வரி இல்லை, விளிம்பில் இருக்கும் நடு அடுக்கு. மலிவுச் சரக்கில் லேசரால் வரைந்த கோலமும் உண்டு. டமாஸ்கஸ் வாளின் பழம்புகழுக்குக் காரணமான ஊட்ஸ் எஃகு, தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த வேறு பொருள். இந்தக் கத்தரிகளோடு அதற்குப் பங்காளி உறவுகூடக் கிடையாது. வானவில் நிறத்திலும் கறுப்பிலும் வரும் டைட்டானியம் பூச்சும் இதே கதைதான். தீட்டிய விளிம்பில் பூச்சு நிற்காது.

“கூர்தானே, சாணை பிடிச்சா ஆச்சு”

கீழே விழுந்து கெட்ட கத்தரிகளைவிட இந்த நம்பிக்கையால் கெட்டவை அதிகம் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் கத்தரியின் அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் சிப்பி ஓட்டைப் போல மெல்ல உப்பி வந்து விளிம்பில் முடியும். உட்பக்கம் நேர்மாறாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் ஓரத்தில், கூரை ஒட்டி, நூல் கனத்தில் ஒரு பட்டைக்கோடு மின்னும். இரண்டு அலகும் தொட்டுக்கொள்வது அந்தக் கோட்டில்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியில்தான். கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் திருகுக்கும் நுனிக்கும் நடுவே மெல்லிய இடுக்கு தெரியும். நுனிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும்படி இரண்டு அலகுக்கும் மயிரிழை வளைவு கொடுத்திருக்கிறார்கள். மூடும்போது அந்தத் தொடுபுள்ளி திருகுப் பக்கத்திலிருந்து நுனிவரை ஓடுகிறது. முடி அறுபடுவது அந்த ஓட்டத்தில். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்தக் குழிவுக்கும் கோட்டுக்கும் வளைவுக்கும்தான்.

சாதாரணச் சாணைச் சக்கரம் முதலில் வெளி உப்பலைத் தட்டையாக்கும். தண்ணீர் இல்லாமல் உரசினால் சூட்டில் விளிம்பின் பதம் இறங்கிவிடும். பிறகு பிசிறு எடுக்கிறேன் என்று உட்பக்கத்தையும் சக்கரத்தில் வைத்தால் அந்தப் பட்டைக்கோடு அகன்றோ கோணலாகவோ போகும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் முடி மடிந்துகொண்டு உள்ளே போகும். தெருவில் வரும் சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. அரிவாளுக்கும் தையற்கத்தரிக்கும் அவர் கை சரிதான். இது வேறு வாய். இதைத் தட்டையான நீர்க்கல்லில், உப்பலின் போக்கிலேயே உருட்டித் தீட்ட வேண்டும். உட்பக்கத்தைக் கல்லில் பட்டும் படாமல் இழுத்தால் போதும். சிலர் அலுமினியத் தாளையோ உப்புத்தாளையோ வெட்டிக் கூராக்குவார்கள். அது விளிம்பைக் கரடாக்கிக் கொஞ்ச நேரம் ஏமாற்றும், அவ்வளவே.

இன்னொன்று. மழுங்கிவிட்டது என்று கொண்டுவரப்படும் கத்தரியில் சிலநேரம் தளர்ந்திருப்பது திருகுதான். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் செங்குத்தாகத் தூக்கி விட்டுப் பாருங்கள். முழுவதும் மூடாமல் நடுவழியில் நிற்க வேண்டும். தடாலென்று விழுந்து மூடினால் திருகை ஒரு சுற்றின் சிறு பங்கு இறுக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சாணையைப் பற்றி யோசிக்கலாம்.

“ஜப்பான் கத்தரி எல்லா வேலைக்கும் ஆகும்”

சோலிங்கன் பாணி ஜெர்மன் கத்தரியில் விளிம்பு பட்டையாகச் சீவியிருக்கும், ஒரு வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்களும் இருக்கும். அவை முடியை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். சீப்பை வைத்து ஆண்களுக்குக் குட்டையாக வெட்டுபவருக்கும் புதிதாகக் கற்பவருக்கும் இது வரம். ஆனால் இதை முடியின் நீளவாக்கில் இழுத்துச் சறுக்கினால் பற்கள் மாட்டி, நாற்காலியில் இருப்பவர் ‘ஆ’ என்பார். சறுக்கு வெட்டுக்கு உப்பல் வாய்தான் வேண்டும். ஒன்று உயர்வு, மற்றது மட்டம் என்ற பேச்சு வெட்டும் பாணியைப் பார்க்காமல் பேசுவது.

அளவும் அப்படியே. பெண்களுக்கு நுணுக்கமாக வெட்ட 5 முதல் 6 அங்குலம் வழக்கம். சீப்பு வேலைக்கு 6.5, 7 என்று போவார்கள். சுண்டுவிரல் தாங்கியைச் சேர்க்காமல் அளந்ததுதான் அந்த அங்குலம். கைப்பிடிகள் இரண்டும் சமமாக இருக்கும் பழைய வடிவத்தைவிட, கட்டைவிரல் வளையம் குட்டையாக இருக்கும் வடிவத்தில் முழங்கையை அவ்வளவு தூக்க வேண்டியிருக்காது. நாள் முழுக்க நின்று வெட்டுகிறவரின் தோள்பட்டைக்கு இந்த வித்தியாசம் எந்த எஃகைவிடவும் பெரிது. இடக்கையர்களுக்கு அலகே மாற்றி அமைத்த கத்தரி வேண்டும். கைப்பிடியை மட்டும் திருப்பி ‘லெஃப்ட்’ என்று விற்கப்படுவதை வாங்கினால் வெட்டும் கோடு கண்ணுக்கு மறையும், கட்டைவிரல் அலகுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும்.

கடைசியாக, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: இதை யார் தீட்டுவார்கள், எங்கே அனுப்ப வேண்டும், திரும்பி வர எத்தனை வாரம்? பதில் வழவழ கொழகொழவென்று வந்தால், அந்தக் காசில் நடுத்தர விலையில் இரண்டு கத்தரி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று தீட்டப் போயிருக்கும்போது மற்றது கையில் இருக்கும்.