சுகாதார அலுவலகத்தை எட்டிய செய்தி

நோய்க்கிருமியைக் கருவியாகக் கொண்டு மக்களைத் தாக்குவதை உயிரியல் பயங்கரவாதம் என்பர். அது போர்க்களத்தில்தான் நிகழும் என்பதில்லை. 1984-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள தி டால்ஸ் என்னும் சிற்றூரின் உணவகங்களில் நிகழ்ந்தது.

அம்மாவட்டத்தில் குடியேறியிருந்த ஒரு சமயக் குழுவைச் சேர்ந்த சிலர், தேர்தலன்று ஊரார் வாக்களிக்க இயலாதவாறு செய்ய எண்ணினர். பத்து உணவகங்களில் பச்சைக் காய்கறிக் கலவை முதலியவற்றில் சால்மோனெல்லாக் கிருமியைக் கலந்தனர். உணவின் நிறமோ மணமோ மாறவில்லை. 751 பேர் நோயுற்றனர். நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை.

பணியாளரின் கைத்தூய்மைக் குறைவே காரணம் என அதிகாரிகள் முதலில் கருதினர். உண்மை 1985-இல்தான் வெளிப்பட்டது. ஆயினும், உணவகத்தில் உண்டு நோயுற்ற ஒருவரைப் பற்றிய செய்தி செப்டம்பர் 17-ஆம் நாளே சுகாதார அலுவலகத்தை எட்டியிருந்தது. எங்கே உண்டீர், என்ன உண்டீர் என்று நோயாளிகளை விசாரித்தனர். 25-ஆம் நாள் அக்கலவை பரிமாறுவது நிறுத்தப்பட்டது. குற்றவாளி யாரென்று அறியாமலே செய்த தடுப்பு இது!

நம் தோட்டங்களில் வயிற்றுப்போக்கை மறைத்துப் பால்வெட்டச் செல்வோர் உண்டு. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்னும் கவலை நாம் அறியாததன்று. ஆனால், ஒரே விருந்தில் உண்ட இரண்டு மூன்று வீட்டாருக்கு ஒருசேர நோய் கண்டால், அன்றே தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். உண்டது என்ன, எந்நாள், உடனுண்டவர் யார் என்பவற்றையும் கூறுங்கள். மிஞ்சிய உணவை எவரும் உண்ணாதபடி மூடி வையுங்கள். அதிகாரிகள் சோதிக்கக் கேட்கலாம்.