கூலியைக் கூசாமல் கேள்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ கொடுத்தனுப்பிய மூன்று ரவிக்கைகளும் கணக்கு நோட்டும் வந்து சேர்ந்தன. "பிள்ளை வேலையை விட்டுட்டுத் தையல் கடை போடப்போறேங்கிறா, நீ பார்த்து ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்று உன் அப்பா போனில் சொன்னான். போனில் பேசினால் பாதி உனக்கும் பாதி அவனுக்குமாகப் போய்ச் சேரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றையும் உள்பக்கம் புரட்டித்தான் முதலில் பார்த்தேன். கை ஏற்றிய இடத்தில் சுருக்கம் இல்லை. கழுத்துப் பைப்பிங் ஒரே தடிமனில் ஓடுகிறது. உனக்குக் கை வந்துவிட்டது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரண்டு ரவிக்கைகளில் உள்தையலுக்கு அரை அங்குலம்கூட விடவில்லை. பக்கத்துக்கு ஒரு அங்குலம் விடு. பட்டு ரவிக்கையைப் பல வருஷம் வைத்து உடுத்துவார்கள். உடம்பு அப்படியே இருக்காது. பிள்ளை பெற்றவள் பிரித்துவிடச் சொல்லி வரும்போது உள்ளே துணி இருந்தால், அவள் வேறு தையல்காரியைத் தேடமாட்டாள். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே வெட்டு. இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

தையலைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குக் கவலை தந்தது உன் கணக்கு நோட்டு.

லைனிங் ரவிக்கைக்கு 300 ரூபாய் வாங்கியிருக்கிறாய். லைனிங் துணி 70, நூல், ஊக்கு, கரண்டு 20, வெளியே கொடுத்து ஓவர்லாக் அடிக்க 10. மீதி 200 ரூபாயை 'லாபம்' என்று எழுதியிருக்கிறாய். அது லாபம் இல்லையம்மா, உன் கூலி. வெட்ட அரை மணி, தைக்க இரண்டரை மணி, எம்மிங் பண்ணி ஊக்கு வைக்க ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். அடுத்த பக்கத்தில் ஆரி வேலை. 2,500 ரூபாய் வாங்கி, பாசிமணிக்கும் ஜரிகைக்கும் போன 600-ஐக் கழித்திருக்கிறாய். ஆரிச் சட்டத்தின் முன்னால் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்தாய் என்பதை எழுதவே இல்லை. நான் பார்த்த அந்த வேலைக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியானால் மணிக்கு 50 ரூபாய்கூடத் தேறவில்லை. ஊரே மெச்சிய வேலை சாதா ரவிக்கையை விடக் குறைவாகத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறது. இது தெரியாமல் ஆரி ஆர்டராக வாங்கிக் குவித்தால் ஒரே வருஷத்தில் முதுகும் கண்ணும் போய்விடும்.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். கடை போட்ட புதிதில் தெரிந்தவர்களிடம் கூலி கேட்க நாக்கு எழாது. குறைவாக வாங்கினேன். அதை ஈடுகட்ட ஒரு தீபாவளிக்கு அளவுக்கு மீறித் துணி வாங்கிப் போட்டேன். மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள், பட்டுச் சேலையோடு வந்த துணியில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். அதே துணி எங்கே கிடைக்கும்? அழுதுகொண்டே புது மண்டபத்துக்கு ஓடினேன். அங்கிருந்த தையல் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்போது திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துக்குள்ளேதான் தையல்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் ஒருவர் துணியை வாங்கிப் பார்த்தார். மிச்சத் துண்டை ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாமல் மேலே பார்டரை ஏற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு உருப்படிக்கு நான் என்ன வாங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். குறைத்து வாங்குகிற கூலியைத் தூக்கத்தை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்றார். அடுத்த வாரமே என் கடைச் சுவரில் கூலி அட்டை தொங்கியது. நாலைந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் எடுக்கும் நேரத்தை எழுது. உன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை வை. சித்தி மகளுக்குச் சும்மா தைத்துக் கொடுக்க ஆசையாக இருந்தால் தாராளமாகக் கொடு. நோட்டில் 'சீர்' என்று எழுதிவிட்டுக் கொடு. பாதிக் கூலி மட்டும் யாரிடமும் வாங்காதே.

வேலையை இப்போது விடாதே. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் தை. ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அவற்றையும் சேர்த்து ஒரு வருஷக் கணக்கில் உன் சம்பளத்தில் பாதியாவது தையலில் வந்தால் அப்புறம் யோசிக்கலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து நீயே இணையத்தில் செய்துகொள்ளலாம். அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. முத்ரா திட்டத்தில் சிசு கடன் 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல் உண்டு. ஆனாலும் வீட்டு மெஷினுக்கு மோட்டார் மாட்டி ஓட்டுகிற வரைக்கும் உனக்குக் கடன் தேவையில்லை.

மூன்றாவது ரவிக்கைக்கு வருகிறேன். அப்பத்தாவுக்குத் தைத்தது. வலது கை விழுந்ததிலிருந்து அவளால் ஊக்கு மாட்ட முடியாது. யாராவது வந்து மாட்டிவிடும்வரை முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ முன்பக்கம் வெல்க்ரோ வைத்து, மேலே பார்வைக்கு ஊக்குபோல் தைத்திருக்கிறாய். கைக்குழியையும் இறக்கி வெட்டியிருக்கிறாய். நேற்று அதை அவளே போட்டுக்கொண்டாள். இடது கையால், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

மருமகளே, உன் தொழில் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரி போட நம் தெருவிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். கை தளர்ந்தவர்கள், மார்பில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், கூன் விழுந்தவர்கள், இவர்கள் துணியோடு வந்தால் அவசரத்தில் பழைய அளவையே வெட்டி அனுப்புகிறோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். உனக்கு அவர்களிடம் உட்கார்ந்து கேட்கிற பொறுமை இருக்கிறது. அளவு ரவிக்கையை மட்டும் நம்பாமல் உடம்பில் அளவெடு. எங்கே பிடிக்கிறது, எந்தக் கை தூக்க முடியவில்லை என்று கேட்டு எழுது. இந்த வேலைக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி முழுக் கூலி வாங்கு.

ஆடியில் எனக்கு வேலை குறைவு. பத்து நாள் லீவு போட்டு வந்து என்னோடு இரு. உன் கணக்கு நோட்டு இங்கேயே இருக்கிறது. அப்பத்தாவின் ரவிக்கைக்கு வெட்டிய பேப்பர் கட்டிங்கை மடக்காமல் சுருட்டி எடுத்து வா. பக்கத்துத் தெருவில் இரண்டு பாட்டிகளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அத்தை