கழற்றும் முன் படியுங்கள்

திருவண்ணாமலையில் பழைய இயந்திரங்களுக்குக் குறைவே இல்லை. தையல் கடையில் காலால் மிதிக்கும் மெஷின், செங்கம் சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் கிணற்று மேட்டு மோட்டார், கிராமத்துக் கொட்டகையில் ஆயில் எஞ்சின், மெஸ்ஸில் கிரைண்டர், வீட்டுக் கொல்லையில் தாத்தா விட்டுப்போன வைஸும் டிரில்லும். இவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ முடித்துவிட்டு, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒப்பந்த வேலைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளில் சிலராவது இந்த ஊரிலேயே வீட்டுப் பட்டறை வைத்துப் பிழைக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன். அப்படித் தொடங்குபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. முதல் பாடம்: முன்னால் இருக்கும் பொருள் இன்னதென்று தெரியும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

நேம் பிளேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதன்மேல் உப்புத்தாளைப் போடவே கூடாது; போன எழுத்து திரும்ப வராது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசுக்கை எடுங்கள். காய்ந்ததும் சாக்பீஸ் தூளைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேயுங்கள். போனில் படம் எடுக்கும்போது டார்ச் பக்கவாட்டில் இருக்கட்டும்.

அந்தத் தகட்டிலுள்ள முகவரியே வயதைச் சொல்லிவிடும். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்ப் பட்டறை ஒன்றின் பெயரோடு ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருந்தால், திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பம்பாய் 1995இல் மும்பை ஆனது, மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது, கல்கத்தா 2001இல் கொல்கத்தா ஆனது. ஒன்றைக் கவனியுங்கள். புதிய அடையாளம் இருந்தால் அதற்கு முன் செய்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். பழைய பெயரை அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஊர்ப் பெயர் மாறிய பிறகும் அதே அச்சில் வார்த்துக்கொண்டிருந்த பட்டறைகள் உண்டு.

தையல் மெஷினில் சிங்கர் என்றால் வலது கைப் பக்கம் அடித்தட்டில் எண் அடித்திருக்கும். எழுத்தே இல்லாத வெறும் எண் 1900க்கு முந்திய வரிசை. ஓர் எழுத்து அதற்குப் பிந்தியது. இரண்டு எழுத்து 1930களின் நடுவிலிருந்து வருகிறது. ஒய் என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் செய்தது. கல்கத்தாவில் 1930களில் தொடங்கிய உஷாவும், அதற்குப் பின் வந்த லூதியானா மெஷின்களில் பெரும்பாலானவையும் சிங்கரின் 15ஆம் வகுப்பு வடிவத்தை ஒட்டியவை. ஆகவே மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் பாபின் கேஸையும் ஊசியையும் 15ஆம் வகுப்புக்கென்று கேட்டு வாங்கினால் அநேகமாகப் பொருந்தும். பெயரைவிட வடிவமே உதிரிப்பாகம் வாங்கித் தருகிறது.

மரையில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பக்கத்து மேஸ்திரிகள் ‘மூணு நூல் போல்ட்’, ‘நாலு நூல் போல்ட்’ என்பார்கள். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. எனவே மூன்று நூல் என்றால் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு எம்10 போலவே தெரியும். ஆனால் விட்வொர்த் மரையில் அது இஞ்சுக்கு 16 மரை, கோணம் 55 டிகிரி. எம்10க்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், கோணம் 60 டிகிரி. எம்10 நட்டை அந்த போல்ட்டில் மாட்டினால் சில சுற்று லொடலொடவென்று ஏறும், பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் நீளமான ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வார்ப்பு இரும்பிலுள்ள மரை போய்விடும், வாடிக்கையாளரும் போய்விடுவார். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த இந்த அளவு, நம் நாட்டில் 1956இல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் பட்டறைகளை விட்டுப் போக நெடுநாள் ஆனது. பிட்ச் கேஜ் ஒரு செட்டும் வெர்னியர் காலிப்பரும்தான் நீங்கள் வாங்க வேண்டிய முதல் கருவிகள். டிரில் மெஷினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பேரிங்கும் பெல்ட்டும் எளிது. பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை: 6204க்கு 20 மில்லிமீட்டர், 6205க்கு 25. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம் வேண்டும்: 6202க்கு 15, 6203க்கு 17. பெல்ட்டில் எழுத்து அழிந்திருந்தால் மேல் அகலத்தை அளங்கள். 13 மில்லிமீட்டர் ஏ வகை, 17 பி வகை.

கோளாறுக்கு வருவோம். ‘உறுமுது, சுத்த மாட்டேங்குது’ என்று வரும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார்தான் உங்கள் அன்றாட வருமானம். பிளக்கைப் பிடுங்குங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள், தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் அல்லது புஷ். தாராளமாகச் சுற்றினால் கண்டென்சர், அல்லது ஸ்டார்டிங் பக்கத்து ஸ்விட்ச், அல்லது வைண்டிங். கண்டென்சரை இறக்குவதற்கு முன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பைத் தொடுத்து அதிலுள்ள சார்ஜை வடித்துவிடுங்கள்; ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். புதியதில் மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அளவு குறையக் கூடாது. மூன்று ஃபேஸ் மோட்டாரும் இப்படியே உறுமும்; அங்கே முதல் சந்தேகம் ஒரு ஃபேஸ் வரவில்லை என்பது. மோட்டாரைக் குறை சொல்லும் முன் கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டரில் மூன்றையும் அளந்து பாருங்கள்.

பல வருஷம் பரணில் கிடந்த உலோக உடம்பு டிரில்லை நேரே பிளக்கில் சொருகாதீர்கள். 500 வோல்ட் மெகரில் வயருக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கக் கூடாது. தேறினால் முதல் ஓட்டம் சீரிஸ் லாம்ப் வழியாக. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வைண்டிங் கருகாது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும்.

வெளிநாட்டவர் வந்து தங்கும் ஊர் இது. அவர்கள் விட்டுப்போகும் கருவிகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தையல் மெஷின் இறுகிப்போய் வந்தால் முதலில் எண்ணெய்த் துளையில் மூக்கை வையுங்கள். பல வீடுகளில் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது காய்ந்து கோந்தாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி இளக்கிய பிறகு மெஷின் ஆயில் விடுங்கள். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருள்கிறது என்றால் எல்லோரும் பாபினைத் திருகுகிறார்கள். கோளாறு அநேகமாக மேல் நூலில்தான் இருக்கும்: டென்ஷன் தகடுகளுக்கு நடுவே நூல் உட்கார்ந்திருக்காது, அல்லது அங்கே பஞ்சு அடைத்திருக்கும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். ஊசியின் நீளப் பள்ளம், நூல் நுழையும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய ஃப்ளைவீலோடு நிதானமாக ஓடும் ஆயில் எஞ்சின்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் லிஸ்டர் வடிவத்தை ராஜ்கோட்டில் பார்த்துச் செய்தவை. 600 அல்லது 650 ஆர்.பி.எம். என்றிருந்தால் அந்தக் குடும்பம். 1500 என்றிருந்தால் வேறு இனம், பாகங்களும் வேறு. கரும்புகை என்றால் ஏர் கிளீனரையும் சுமையையும் பாருங்கள். நீலப்புகை என்றால் ரிங் தாண்டி ஆயில் ஏறுகிறது. சூடான பிறகும் வெண்புகை என்றால் கம்ப்ரஷனும் நாசிலும்.

சாணைக்கல்லில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். கழற்றிய கல்லை விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல், உடைத்துப் போடுங்கள். ஓசை நன்றாயிருந்தாலும் கல்லில் எழுதிய ஆர்.பி.எம். மோட்டாரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டக் கூடாது.

காசு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். இன்ன மெஷின், இன்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். வேலை கொடுத்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உங்கள் திறமையில் பாதி இலவசமாகப் போகும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். பின்னால் வங்கிக் கடனுக்கு உதவும். வைண்டிங்கை வைண்டிங் கடைக்கும், தண்டு கடைவதை லேத் பட்டறைக்கும் அனுப்புவதில் குறைவொன்றும் இல்லை. மாற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். தேதி சொல்லும்போது காலண்டரைப் பாருங்கள்: மெஸ் கிரைண்டர் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். கிரிவல நாளில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், மெஸ்காரருக்கும் மாதத்திலேயே அதிகம் மாவு ஆட்ட வேண்டிய நாள் அதுதான். டெய்லர்களிடம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே நீங்களாகப் போய்க் கேளுங்கள்.