உடம்பு ஏன் இளைக்கிறது? குடல் புற்றுநோயாளிக்குச் சோறும் ஒரு மருந்து



சில வருஷங்களுக்கு முன்பு பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். வயது 58. "டிரசர் ஐயா, மூலம் மாதிரி இருக்கு, வெளிக்குப் போனா ரத்தம் வருது. ஏதாச்சும் களிம்பு கொடுங்க" என்றார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. களிம்பு கொடுக்காமல் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழ்திக் கொடுத்து அனுப்பினேன். பெருங்குடலில் புற்றுக்கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து ஆப்பரேஷன் செய்தார்கள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சிலுவாரை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அவருடைய மனைவி பெருமையாகச் சொன்னார்: "நல்லா பத்தியமா பாத்துக்கிறோம் ஐயா. கஞ்சியும் ரசமும் மட்டுந்தான். முட்டை, மீன் எதையும் கண்ணுல காட்டல. புண்ணு சீழ் வச்சிடுமே!"

ஸ்டோர் தராசில் நிறுத்தோம். நோய்க்கு முன்பு 62 கிலோ இருந்தவர் 51 கிலோதான் இருந்தார். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதமாகத் தையலைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு நாள்கூட அவரை நிறுத்துப் பார்க்கவில்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறது. அடுத்த சிகிச்சைக்குப் போனபோது டாக்டர், "இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, முதலில் தேற்றிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். ஆறு வாரம் வீணாகப் போயிற்று. பிறகு உடம்பு தேறி மருந்தையும் முடித்தார். ஆனாலும் அந்த ஆறு வாரம் போனது போனதுதான். அதனால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வருவது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். ஆண்களிடம் முதலிடம் இதற்குத்தான். சீனர்களை விட நம்மவர்களுக்குக் குறைவாகவே வருகிறது என்றாலும், நமக்கு வராது என்று அர்த்தமில்லை. இந்த நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர், நோய் மூன்றாம் நான்காம் கட்டத்துக்கு முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்படி வரும்போது பலர் ஏற்கெனவே இளைத்துப் போயிருப்பார்கள்.

இளைப்பு இரண்டு வகை

சாப்பாடு இல்லாமல் இளைப்பது ஒரு வகை. கட்டி குடலை அடைப்பதாலும், வயிற்று வலியாலும், மருந்தினால் வரும் குமட்டலாலும், நாக்கில் ருசி செத்துப் போவதாலும் சாப்பாடு இறங்காது. வெறும் பட்டினி என்றால் உடம்பு தன்னைத் தானே சிக்கனப்படுத்திக் கொள்ளும். சேர்த்து வைத்த கொழுப்பை முதலில் செலவழித்து, தசையைக் கூடிய மட்டும் காப்பாற்றப் பார்க்கும்.

இரண்டாவது வகை அழற்சியால் வருவது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கிச் சூடாகிறது அல்லவா? அது உடம்பு எதிரியோடு நடத்தும் சண்டை. முள்ளை எடுத்துவிட்டால் சண்டை நின்றுவிடும். புற்றுக்கட்டியோ எடுக்கப்படாத முள். உள்ளே இரவும் பகலும் சண்டை நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் ரத்தத்தில் கலக்கும் ரசாயனங்கள் மூளைக்குப் போய்ப் பசியை அடக்குகின்றன. தசையையும் கரைக்கின்றன. அடுப்பில் சமையல் இல்லாத நேரத்திலும் விறகு எரிந்துகொண்டிருந்தால் எப்படியோ அப்படி. புற்றுக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு என்பதை ஜெர்மனி நாட்டு வைத்தியர் ருடால்ஃப் விர்ஹோ 1863-லேயே சொல்லிவிட்டார்.

குடல் புற்றுநோயாளிக்கு இந்த இரண்டு வகையும் சேர்ந்தே வரலாம். ஆகவே சோறு மட்டும் ஊட்டினால் போதாது, கட்டிக்கு வைத்தியமும் வேண்டும். கட்டிக்கு வைத்தியம் மட்டும் செய்தாலும் போதாது, சோறும் வேண்டும்.

ரத்தப் பரிசோதனை சொல்லும் சேதி

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது பல நோயாளிகளுக்கு இரண்டு விஷயங்கள் பார்ப்பார்கள். ஒன்று சி.ஆர்.பி., மற்றது அல்புமின். இரண்டுமே நம் ஈரலில் உற்பத்தியாகும் புரதங்கள்.

சி.ஆர்.பி. என்பதை 1930-இல் நியூயார்க்கில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நிமோனியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் இது ஏறும். அழற்சி அடங்கினால் சில நாட்களில் இறங்கிவிடும்.

அல்புமின் ரத்தத்தில் நீரைப் பிடித்து வைத்திருப்பது. மருந்துகளைச் சுமந்து செல்வதும் அதுதான். லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கினால் குறைவு என்பார்கள். முன்பெல்லாம் அல்புமின் குறைந்தால் "சத்துக் குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அழற்சி நேரத்தில் ஈரல் சி.ஆர்.பி.யைக் கூட்டி, அல்புமினைக் குறைத்துவிடுகிறது. சண்டைக் காலத்தில் பட்டறையில் கலப்பை அடிப்பதை நிறுத்திவிட்டு வேல் அடிப்பது போல. ஆகவே, "ஒரு வாரமா முட்டை கொடுத்தும் அல்புமின் ஏறலையே" என்று மனம் உடைந்து போக வேண்டாம். முட்டை வீணாகவில்லை. சண்டை ஓயவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் இந்த இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்றை 2003-இல் வெளியிட்டார்கள். பிறகு திருத்தப்பட்ட அந்த முறை இதுதான்:

சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் மதிப்பெண் 0.

சி.ஆர்.பி. 10-க்கு மேலே, ஆனால் அல்புமின் 35-க்குக் குறையவில்லை என்றால் 1.

சி.ஆர்.பி. 10-க்கு மேலே, அல்புமினும் 35-க்குக் கீழே என்றால் 2.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் சந்தோஷம், இங்கே கூடினால் கவலை. 2 வாங்கிய நோயாளியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். அவருடைய ஆயுளை எழுதி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, "சி.ஆர்.பி. பார்த்தால் புற்று இருக்கா இல்லையா தெரிஞ்சிடுமே" என்று தனியார் கிளினிக்குக்குக் காசைக் கட்டாதீர்கள். டெங்கியிலும் ஏறும், எலிக்காய்ச்சலிலும் ஏறும், கால் புண் சீழ் வைத்தாலும் ஏறும். புற்றுநோய் உள்ளவருக்கே ஏறாமலும் இருக்கலாம். நோய் தெரிந்த பிறகு உடம்பின் நிலையை அறியத்தான் அது உதவும்.

பத்தியத்தைப் பற்றி

முட்டையும் மீனும் தின்றால் தையல் சீழ் வைக்கும் என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வரும் பேச்சு. புண் சீழ் வைப்பது கிருமியால். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். வீடு இடிந்து விட்டது, பலகையும் ஆணியும் உள்ளே வரக்கூடாது என்றால் யார் வீட்டைக் கட்டுவது? ஒரு கிண்ணம் வெறும் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் புரதம்தான் இருக்கிறது.

"பட்டினி போட்டா கட்டி செத்துடும்" என்றும் சிலர் சொல்கிறார்கள். பட்டினியில் கட்டி சாவதில்லை, ஆள்தான் ஓய்ந்து போகிறார். சத்துக் குறைந்த நோயாளிக்கு ஆப்பரேஷன் புண் மெதுவாக ஆறுகிறது, கிருமி எளிதில் தொற்றுகிறது, மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேருகிறது. புற்றுநோயால் இறப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் கட்டியால் அல்லாமல் சத்துக் குறைவால் இறக்கிறார்கள் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வைத்தியர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

புற்றுநோயாளி தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் ஒன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதமும் பெற வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். 60 கிலோ ஆளுக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம்.

பெரிய செலவா? கணக்குப் போடுவோம். இரண்டு முட்டை 12 கிராம். உள்ளங்கை அளவு கெம்போங் மீன் சதை சுமார் 20 கிராம். ஒரு கிண்ணம் வெந்த பருப்பு சுமார் 15. இரண்டு கிளாஸ் பால் சுமார் 16. மொத்தம் 63. மீன் பிடிக்காதவர்களுக்குத் தௌபூ, தெம்பே இருக்கிறது. டின் மாவுப்பால் வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். தௌக்கே கடையிலும் சந்தையிலும் கிடைப்பதே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு நாள், ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுத்துப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல், அதாவது 60 கிலோ ஆள் 3 கிலோவுக்கு மேல், தானாக இளைத்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

2. மூன்று வேளைத் தட்டு நிறையப் போட்டு மிரட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள். காலைப் பசியாறும் நேரத்தில் பலருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

3. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியே கொடுங்கள். அதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். மீனை உதிர்த்துப் போடுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் சேருங்கள்.

4. படுத்தே கிடந்தால் தசை இன்னும் கரையும். டாக்டர் அனுமதித்த அளவு, வாசல் வரையாவது தினமும் நடக்க வையுங்கள்.

5. குடல் அடைப்பு உள்ளவர்கள், வயிற்றில் பை வைத்தவர்கள், சிறுநீரகக் கோளாறோ இனிப்புநீரோ உள்ளவர்கள் சாப்பாட்டை மாற்றுமுன் டாக்டரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேளுங்கள்.

6. ஆஸ்பத்திரியில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இவர் எடை குறைஞ்சிருக்கு, உணவு ஆலோசகரைப் பார்க்க முடியுமா?" பினாங்குப் பொது மருத்துவமனையிலும், பெர்த்தாமில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

சம்பளம் போய்விடுமே என்று ஆஸ்பத்திரியில் தங்காமல் ஓடி வருபவர்களும் உண்டு. தங்கிச் சிகிச்சை பெறும் தொழிலாளிக்கு வருஷத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கேளுங்கள்.

முற்றுமுன் பிடிக்க

மலத்தில் ரத்தம், பல வாரமாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, காரணமில்லாமல் இளைப்பது, ரத்த சோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக் கடைக் களிம்பு வாங்காதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும், 50 வயது முதல் 75 வரை, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. கொஞ்சம் மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துக் கொடுத்தால் போதும். ரத்தம் தெரிந்தால் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு இந்த நோய் இருந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் முன்னதாகவே போய்ச் சொல்லுங்கள்.

மரம் பால் குறைந்தால் நாம் உடனே கவனிக்கிறோம். பட்டையைத் தடவிப் பார்க்கிறோம், உரம் போட்டார்களா என்று விசாரிக்கிறோம். வீட்டில் ஒருவர் இளைத்தால் மட்டும், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தராசில் ஏற்றுங்கள். எடையை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் ஏற்றுங்கள்.