எஸ்.எம்.பி.எஸ். வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்குக் கணிப்பொறி வேண்டும். பெரிய கம்பெனியின் தயாரிப்பை வாங்கக் கையில் பணம் போதாது. நம்மில் பல குடும்பங்களின் நிலை இதுதான். பெங்களூர் டவுன் ஹால் பக்கத்தில் உள்ள எஸ்.பி. ரோட்டில் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக்கொள்வது நல்ல வழியே. தெரிந்தவர்கள் கேட்டால் நானும் பட்டியல் பார்த்துக் கொடுப்பதுண்டு. பிராசசருக்கும் ராமுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். போதும் என்று பலர் எழுதியிருப்பார்கள்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் தருவது இந்தப் பெட்டிதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மலிவான எஸ்.எம்.பி.எஸ். எரிந்தபோது மதர்போர்டும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்தே போயின. அந்த மாணவியின் நான்கு மாத புராஜெக்ட் வேலையும் போயிற்று. யு.பி.எஸ். இருந்தும் பயனில்லை, பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருந்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை:

1. பெரிய எழுத்தில் உள்ள வாட்டை மட்டும் நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. 16 ஆம்பியர் என்றால் 12 × 16 = 192 வாட்தான், மேலே 450 என்று அச்சிட்டிருந்தாலும். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். 12 வோல்ட் இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் அவற்றைக் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தந்துள்ள வாட்டைப் பாருங்கள்.

2. '80 பிளஸ்' முத்திரை, வீணாகும் மின்சாரம் குறைவு என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கு அதுவே உத்தரவாதம் ஆகாது. குறுக்குச்சுற்று, மிகை வோல்ட், மிகைச் சுமை ஆகியவற்றில் தானே நின்றுவிடும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

3. வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் ஊரிலேயே உண்டா என்று விசாரித்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

எவ்வளவு வாட் தேவை? 65 வாட் பிராசசரும், தனி மின்கம்பி கேட்காத 75 வாட் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தாலே 140 வாட். மற்றவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 200 என்று கொள்ளலாம். இதற்கு நம்பகமான 400 அல்லது 450 வாட் தாராளம். 650 வாட்டுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வாடகை வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறதா? பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று பொருள். எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஆனாலும் எர்த் இல்லாமல் பாதுகாப்பு இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்யுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை ஒருபோதும் நீக்காதீர்கள். பழுதானாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பணம் இடித்தால் விளக்கு மின்னும் கேபினட்டை விடுங்கள். ராமைப் பாதியாகக் குறைத்து அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். நல்லதாக வாங்கினால் அடுத்த கணிப்பொறிக்கும் அதுவே உதவக்கூடும்.